படிக்கப்படாத சீட்டு

கார் வைத்திருக்கும் எவரிடமும் ஒரு சீட்டு இருக்கும். காப்பீட்டுத் தாளோடும் பதிவுச் சான்றின் நகலோடும் சேர்ந்து டேஷ்போர்டு அறைக்குள் மடிந்து கிடக்கும். பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிற்கும் வேனிலோ தகரக் கொட்டகையிலோ ஐந்து நிமிடத்தில் வாங்கிய புகைச் சான்றிதழ் அது. வண்டி எண், எரிபொருள், புகைப்படம், தேதி ஆகியவற்றுக்குக் கீழே இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். ஒன்று கார்பன் மோனாக்சைடின் விழுக்காடு. மற்றொன்று ஹைட்ரோகார்பனின் அளவு. அந்த எண்களை வாசித்த கார் உரிமையாளர் எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. ‘பாஸ் ஆயிருச்சா?’ என்ற ஒரே கேள்வியோடு நம்முடைய வாசிப்பு முடிந்துவிடுகிறது.

நாவலும் கவிதையும் பேசும் இந்தப் பக்கத்தில் காரின் புகைக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இருபதாண்டுகளாகப் பிரதிகளை வாசிக்கக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவன் நான். வாசிக்கத் தெரியாமையின் விளைவுகளை வகுப்பறைக்கு வெளியேதான் அதிகம் காண்கிறேன். ஒரு பிரதி நம் கைக்கு வருகிறது. அது நம் வண்டியின் உடல்நிலையைச் சொல்கிறது. நாம் அதைப் போக்குவரத்துக் காவலரிடம் காட்டுவதற்கான தாளாக மட்டும் பாவிக்கிறோம். பழைய கார்களை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இந்த அலட்சியம் வரும் ஆண்டுகளில் பெரும் இழப்பைத் தரப்போகிறது என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

கொங்கு நாட்டில் இதைச் சொல்ல நேர்வது ஒரு விதத்தில் வேடிக்கை. இயந்திரத்தைத் திறந்து பார்க்கத் தயங்காத ஊர் இது. ஜி.டி.நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கி, அதிலிருந்து யு.எம்.எஸ். என்னும் பெரும் நிறுவனத்தை வளர்த்தெடுத்த கதை இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் பெயரைத் தாங்கிய பத்துக் கிலோமீட்டர் மேம்பாலம் அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதே சாலையில் ஜீடி கார் அருங்காட்சியகம் 2015 முதல் பழைய கார்களைப் பேணிக் காட்சிக்கு வைத்திருக்கிறது. பம்பும் மோட்டாரும் நூற்பாலை உதிரிகளும் செய்து பழகிய கைகள் பீளமேட்டிலும் கணபதியிலும் சிங்காநல்லூரிலும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ‘இந்த வண்டிக்குப் பாகம் கிடைக்காது’ என்று வேறு ஊரில் கைவிட்டதை இங்கே கடைசல் இயந்திரத்தில் வைத்துக் கடைந்தே கொடுத்துவிடுவார்கள்.

இத்தகைய ஊரிலும் காரின் ஒரு பகுதி மட்டும் தீண்டத்தகாததாக இருக்கிறது. புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் அனைத்தும் சர்க்கார் நம்மீது சுமத்திய தண்டம் என்பதுபோல ஒரு மனப்பான்மை. என்ஜினை ‘நம்முடையது’ என்று நினைக்கும் மெக்கானிக், அதன் வாலில் தொங்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை ‘கம்பெனிக்காரன் மாட்டிவிட்டது’ என்கிறார். ‘அதைக் களட்டிப் போட்டுட்டா வண்டி நல்லா இழுக்குமுங்க, மைலேஜும் சேந்து வரும்’ என்ற ஆலோசனை கோவையில் எந்தப் பட்டறையிலும் இலவசமாகக் கிடைக்கும். களற்றிய கன்வெர்ட்டருக்கு விலை உண்டு என்பதும் இந்த ஆலோசனையின் பின்னால் இருக்கிறது. உள்ளே பூசப்பட்டிருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை அரிய உலோகங்கள். அவற்றைப் பிரித்தெடுக்க வாங்குவோர் இருக்கிறார்கள். நம் வண்டிக்கு வெறுங்குழாய் மிஞ்சுகிறது.

*

அந்தப் பாகம் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். தேன்கூடு போன்ற நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி அது. துளைச் சுவர்களில் அந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கும. சூடேறிய பிறகு அதன் வழியே செல்லும் கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோல் ஆவியும் எரிந்து கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகள் மீண்டும் நைட்ரஜனாகின்றன. நம் பாடநூல்கள் இதை வினையூக்கி மாற்றி என்று சொல்லும். பட்டறையில் ‘கேட்’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

இந்த மூன்று வேலையும் ஒருசேர நடக்க ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தை ஒட்டியே கலவை இருக்கவேண்டும். அதைக் கண்காணிப்பது புகைக்குழாயில் திருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சார். எரிந்து வெளியேறும் காற்றில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் அதன் மின்னழுத்தம் 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கும்; பெட்ரோல் மிஞ்சியிருந்தால் 0.9 வோல்ட்டை நெருங்கும். அதைப் பார்த்துக் கணினி இன்ஜெக்டரின் அளவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். இவற்றோடு, எரிந்த புகையில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பி வெப்பத்தைத் தணிக்கும் இஜிஆர் வால்வு, என்ஜின் அடிப்பகுதியின் எண்ணெய் ஆவியை இழுத்து எரிக்கும் பிசிவி வால்வு, டேங்கில் எழும் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டி ஆகியவற்றையும் சேர்த்தால் குடும்பம் முழுமையாகிறது.

இந்தியாவுக்கு இவை வந்த வரலாறு நீண்டதன்று. ஈயம் கலந்த பெட்ரோல் வினையூக்கியின் பூச்சை மூடி அதைச் செயலிழக்கச் செய்துவிடும். ஆகவே ஈயம் நீங்காமல் கன்வெர்ட்டர் வர இயலாது. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. அங்கே ஈயமற்ற பெட்ரோலும் வந்தது. கோவை போன்ற ஊர்கள் காத்திருக்க நேர்ந்தது. நாடு முழுவதும் ஈயம் விலகியது 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான். பிறகு பாரத் ஸ்டேஜ் இரண்டு 2005இலும், மூன்று 2010இலும், நான்கு 2017இலும், ஆறு 2020இலும் நாடு முழுமைக்கும் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாம் படியைத் தாண்டிக் குதித்துவிட்டோம். உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா ஈயப் பெட்ரோலை நிறுத்தியது 2021இல் என்பதை நினைத்தால், நாம் அவ்வளவு பின்தங்கிவிடவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம்.

*

இனி அந்தச் சீட்டுக்கு வருகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115ஆம் விதி சொல்லும் வரம்புகள் இவை. பாரத் ஸ்டேஜ் இரண்டுக்கு முந்தைய பெட்ரோல் கார் என்றால் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காடு, ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம். இரண்டும் மூன்றும் என்றால் 0.5 விழுக்காடு, 750 பிபிஎம். நான்கும் அதற்குப் பிந்தியவையும் என்றால் 0.3 விழுக்காடு, 200 பிபிஎம். இந்தப் படிக்கட்டைப் பார்த்தாலே கன்வெர்ட்டரின் பங்கு விளங்கும்.

ஆனால் வரம்புக்குள் இருக்கிறதா என்பது இந்த எண்களிலிருந்து கிடைக்கும் மிகக் குறைந்த செய்தி. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் பொருள் திறக்கிறது. கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால் பெட்ரோல் அதிகம், காற்றுக் குறைவு என்று பொருள். அடைபட்ட காற்று வடிகட்டி, ஒழுகும் இன்ஜெக்டர், என்ஜின் சூடேறிய பிறகும் குளிர்ந்திருப்பதாகவே தகவல் சொல்லும் வெப்ப சென்சார் ஆகியவற்றை அது சுட்டும். ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறி மற்றது தாழ்ந்திருந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது. தேய்ந்த பிளக், மின்கசிவுள்ள பிளக் ஒயர், சரியாக மூடாத வால்வு, எங்கோ விரிந்த ஹோஸ் வழியே நுழையும் காற்று என்று தேடவேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் கலவை மிகுதியும் எரியாமையும் ஒன்றாக இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு முந்தைய சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வரம்புக்குள் இருக்கும்போதே எந்தத் திசையில் நகர்கிறது என்பது தெரியும். 0.05இல் இருந்தது 0.25க்கு வந்திருந்தால் சான்றிதழ் ‘பாஸ்’ என்றுதான் சொல்லும். வண்டி வேறொன்று சொல்கிறது. பாடபேதம் பார்ப்பது என்று நாம் சுவடிகளில் சொல்வது இதைத்தான். ஒற்றைச் சுவடியில் தெரியாத பிழை இரண்டாம் சுவடியோடு ஒப்பிடும்போது தலைதூக்கும்.

தேர்வு நடக்கும் முறையையும் கவனிக்கவேண்டும். நின்ற இடத்தில் ஐட்லிங்கில் ஓடும் என்ஜினின் புகையைத்தான் அது அளக்கிறது. எதிர்ப்பதம் காட்டும் வண்டியை ஐந்து நிமிடத்தில் தேர்ச்சியாக்கும் உபாயம் எல்லோருக்கும் தெரிந்ததே: கார்புரேட்டர் திருகைக் காற்றுப் பக்கம் அரைச்சுற்று திருப்பி, சீட்டு வாங்கியதும் மீண்டும் பழைய இடத்துக்குத் திருப்புவது. திருகைத் திருப்புவதில் தவறில்லை. அளவுமானியைப் பார்த்தபடி சரியான இடத்தில் நிறுத்தி, அங்கேயே விட்டுவிட்டால் அதுவே நல்ல டியூனிங். தேர்வுக்கு ஒரு முகம், சாலைக்கு ஒரு முகம் என்று வைப்பதுதான் கேடு. மனப்பாடம் செய்து எழுதித் தேறும் மாணவனை நாம் எப்படிப் பார்க்கிறோமோ அப்படித்தான் அந்த வண்டியையும் பார்க்கவேண்டும்.

*

2013க்குப் பிந்தைய கார்களில் இந்தக் கதை வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே பேசுவது மஞ்சள் விளக்கு. ஸ்கேனரைச் செருகினால் ஒரு குறியீடு வரும். பி 0420 என்று வந்தால் ‘வினையூக்கியின் திறன் எல்லைக்குக் கீழே’ என்று பொருள். பி 0171 என்றால் கலவையில் காற்று மிகுதி. பி 0401 என்றால் இஜிஆர் ஓட்டம் போதவில்லை.

இந்தக் குறியீடுகளை நான் சூத்திரங்கள் என்றே எண்ணுகிறேன். சூத்திரம் சுருக்கமானது, உரை இல்லாமல் அதன் பொருள் முழுமையாகாது. தொல்காப்பியத்தின் ஒரே நூற்பாவுக்கு இளம்பூரணர் ஒன்றும் நச்சினார்க்கினியர் மற்றொன்றும் கொள்ளும் இடங்கள் உண்டு. எது பொருந்தும் என்பதை இடம் நோக்கித்தான் நாம் முடிவுசெய்கிறோம். பட்டறையில் உரையாசிரியர் வேலையை மெக்கானிக் செய்யவேண்டும். ஸ்கேனர் வந்தபிறகு பலர் அந்த வேலையை விட்டுவிட்டார்கள். குறியீடு எந்தப் பாகத்தின் பெயரைச் சொல்கிறதோ அந்தப் பாகத்தை மாற்றச் சொல்லிவிடுகிறார்கள்.

எங்கள் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நண்பரின் கார் 2015இல் வாங்கியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. பி 0420 வந்தது. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் கன்வெர்ட்டரையே மாற்றவேண்டும், அரை லட்சத்துக்கு மேல் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். நண்பர் வேறொரு சிறு பட்டறைக்குப் போனார். அங்கிருந்த வயதான மெக்கானிக் ஸ்கேனரை வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். ‘சார், பல்லு வலிக்குதுன்னா தாடையவேவா மாத்துவாங்க? எங்க ஒழுகுதுன்னு மொதல்ல பாக்கோணுமுங்க’ என்றார். இரவு முழுக்க வண்டியை ஆறவிட்டு, காலையில் கிளப்பியதும் காதைக் கொடுத்துக் கேட்டார். குழாய் இணைப்பில் ‘டிக் டிக்’ என்று மெல்லிய ஓசை. அதே இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கரிக்கோடு. பேக்கிங் எரிந்துபோய் அந்த இடுக்கின் வழியே வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்பட்டுக்கொண்டிருந்தது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துக் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டது. சில நூறு ரூபாயில் பேக்கிங் மாறியது. விளக்கு அணைந்தது, பிறகு எரியவில்லை.

அந்த முதியவர் செய்ததில் மந்திரம் எதுவும் இல்லை. வரிசை இருந்தது. வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வைத்தியனுக்கு வகுத்த வரிசை அது. நோய், அதன் காரணம், அதைத் தணிக்கும் வழி என்ற ஒழுங்கு. காரின் புகைக் கோளாறுக்கு அதைப் பெயர்த்தால் இப்படி வரும். முதலில் புகையின் நிறம்: கறுப்பு என்றால் பெட்ரோல் மிகுதி, நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது, சூடேறிய பின்னும் விடாத வெள்ளை என்றால் ரேடியேட்டர் நீர் உள்ளே கசிகிறது. அடுத்து மலிவானவை: காற்று வடிகட்டி, பிளக், ஒயர், வால்வு இடைவெளி, ரப்பர் ஹோஸ்கள், பிசிவி வால்வு. அதன்பின் புகைக்குழாயில் ஒழுகல். பிறகே சென்சார்.

சென்சாரையும் விசாரிக்காமல் தண்டிக்கக் கூடாது. சூடேறிய என்ஜினில் மல்டிமீட்டரை வைத்து, ஒரு வேக்குவம் ஹோஸை நொடிப்பொழுது களற்றினால் காற்று கூடும். சென்சாரின் வோல்ட் இறங்கவேண்டும். காற்றுவழியைச் சற்று மறைத்தால் பெட்ரோல் மிகும், வோல்ட் ஏறவேண்டும். இரண்டுக்கும் உடனே அசைந்தால் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது; குற்றம் வேறெங்கோ இருக்கிறது. தூதனைக் கொல்லலாகாது என்று இராவணன் சபையில் வீடணன் சொன்னதைப் பட்டறைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

கடைசியாகத்தான் கன்வெர்ட்டர். ஆறிய பின் கையால் தட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் பீங்கான் உடைந்திருக்கிறது. சமவெளியில் சரியாக ஓடும் வண்டி ஆழியாறு தாண்டி வால்பாறைக்குப் போகும் நாற்பது கொண்டையூசி வளைவுகளில் மூச்சுத் திணறினால் அடைப்பு இருக்கக்கூடும். அப்படி உறுதியானாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: அது ஏன் செத்தது? கன்வெர்ட்டர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை, கொல்லப்படுகிறது. எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்து பீங்கானை உருக்கும். எண்ணெய் எரியும் என்ஜினின் பாஸ்பரஸ் பூச்சை மூடும். கலப்படப் பெட்ரோலும் தன் பங்கைச் செய்யும். காரணத்தைத் தீர்க்காமல் புதியதை மாட்டினால் அதுவும் ஓராண்டில் அதே வழியில் போகும். பிறகு ‘இந்தச் சனியனே வேண்டாம்’ என்று வெறுங்குழாய் போடும் முடிவுக்கு உரிமையாளர் வந்துசேர்வார். களற்றுவதற்கான வாதம் இப்படித்தான் வலுப்பெறுகிறது.

*

எதிர்வாதங்கள் இருக்கின்றன. அவற்றில் சில நியாயமானவை.

கன்வெர்ட்டர் இல்லாமலே என் வண்டி தேர்வில் தேறுகிறதே என்பது ஒன்று. தேறலாம். அதற்குக் காரணம் தேர்வின் எல்லை. பெட்ரோல் காருக்கு இரு வாயுக்களை ஐட்லிங்கில் அளக்கிறோம். நைட்ரஜன் ஆக்சைடுகளை நம் சாலையோரத் தேர்வு அளப்பதே இல்லை. டீசல் வண்டிகளுக்கு ஆக்சிலேட்டரை மிதித்துப் புகையின் கருமையைப் பார்க்கிறோம்; அவ்வளவுதான். இஜிஆர் வால்வுக்கு நடுவே தகடு வைத்து அடைத்துவிட்ட டீசல் வண்டியில் கரும்புகை குறையவே செய்யும். சீட்டு தூய்மையாக வரும். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் ஏறியிருக்கும். வெயில் மிகுந்த நம் ஊரில் தரைமட்ட ஓசோனாக மாறி மூச்சுக்குழாயை அரிப்பது அதுதான். பாலக்காட்டுக் கணவாயின் காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்று கோவைக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. ஆடிக் காற்றுக்கு அது பொருந்தலாம். மார்கழிக் காலையில் காந்திபுரம் பேருந்து நிலையத்தின் முன் பூ விற்கும் பெண்ணிடம் அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பாகத்தின் விலை என்பது இரண்டாவது வாதம். இருபது வயதான காருக்குப் புதிய கன்வெர்ட்டர் வாங்கினால் காரின் விலையே அதற்கு ஆகிவிடும்; பலவற்றுக்குக் கிடைப்பதுமில்லை; சென்னைப் புதுப்பேட்டையில் தேடினாலும் கிடைப்பது யாரோ களற்றிப் போட்டதுதான். இது உண்மையான சங்கடம். இதற்கு உரிமையாளரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பிரேக் லைனிங்குக்குச் சந்தையில் பல தரமான மாற்றுகள் கிடைப்பதுபோல இதற்கும் தரச்சான்று பெற்ற மாற்றுகள் நியாயமான விலையில் கிடைக்க வழி செய்வது அரசின் வேலை. மோட்டாரும் பம்பும் உலகுக்கு அனுப்பும் கோவையின் தொழிற்கூடங்கள் இதில் இறங்கினால் சந்தைக்குக் குறைவிருக்காது.

மூன்றாவது, பழைய கார் மாதம் இருநூறு கிலோமீட்டர்தான் ஓடுகிறது, அது எவ்வளவு கெடுத்துவிடும் என்பது. புதிய கார் ஒன்றை உருவாக்க ஆகும் இரும்பையும் மின்சாரத்தையும் கணக்கில் கொண்டால், இருப்பதைப் பேணி ஓட்டுவதே மண்ணுக்கு நல்லது என்ற வாதமும் இதோடு சேர்ந்தது. எனக்கு இதில் உடன்பாடு உண்டு. ஆனால் இந்த வாதத்தைச் சொல்லும் தகுதி பேணுகிறவனுக்கு மட்டுமே உண்டு. புகைக்குழாயை வெறுங்குழாயாக்கிவிட்டு ‘நான் சுற்றுச்சூழலுக்காகப் பழைய காரை ஓட்டுகிறேன்’ என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் மத்திய அரசு ஐயாயிரம் ரூபாயாக்கியது. 2025இல் இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு மேலும் உயர்த்தியது. தமிழ்நாட்டில் பசுமை வரி தனியே இருக்கிறது. தில்லியில் பத்து ஆண்டு டீசலையும் பதினைந்து ஆண்டு பெட்ரோலையும் ஓடவிடக் கூடாது என்ற உத்தரவைச் சுற்றி 2015 முதல் வழக்கும் வாதமுமாக இருக்கின்றன. அங்கே பழைய வண்டிக்காரர்கள் வைக்கும் வாதம், ‘வயதைப் பார்க்காதே, புகையைப் பார்’ என்பது. மிகச் சரியான வாதம். நாளை அது கோவைக்கும் வந்தால் நாமும் அதையே சொல்வோம். ‘சரி, புகையைப் பார்க்கிறோம்’ என்று அவர்கள் குனிந்து பார்க்கும்போது அங்கே வெறுங்குழாயும் அடைத்த வால்வும் இருந்தால் நம் வாதம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். களற்றியவர் ஒருவர், தண்டம் கட்டுவது எல்லோரும் என்றாகும்.

பெட்ரோலே மாறிவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025க்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது. எத்தனாலில் ஆக்சிஜன் அடங்கியிருப்பதால் அதற்குக் காற்று குறைவாகவே தேவை. சென்சார் உள்ள கார் இதைத் தானாகச் சரிசெய்துகொள்ளும். ஏற்கெனவே பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தால் சரிசெய்ய முடியாமல் பி 0171 என்று முறையிடும். கார்புரேட்டர் வண்டிக்குச் சரிசெய்யும் மூளை இல்லை, பழைய அளவிலேயே காற்றை விட்டுக்கொண்டிருக்கும், திணறும். பழைய ரப்பர் ஹோஸ்களும் வாஷர்களும் எத்தனாலில் ஊறி இளகும். டேங்கின் பழைய கசடு கரைந்து ஃபில்டரை அடைக்கும். இவை எல்லாம் புகைச் சீட்டின் எண்களில் முதலில் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

*

என் யோசனைகள் எளியவை. சான்றிதழ் தரும் மையங்கள் எண்களுக்குக் கீழே தமிழில் இரண்டு வரி சேர்த்து அச்சிடலாம்: ‘கலவையில் பெட்ரோல் மிகுதி, காற்று வடிகட்டியையும் இன்ஜெக்டரையும் பார்க்கவும்’ என்பதுபோல. முந்தைய அளவையும் பக்கத்தில் தரலாம். கணினியில்தான் எல்லாம் பதிவாகிறதே. தொழிற்பயிற்சி நிலையங்களில் ஸ்கேனரைச் செருகச் சொல்லித் தருவதோடு, குறியீட்டுக்கு உரை காணவும் சொல்லித் தரவேண்டும். அந்த முதிய மெக்கானிக்கைப் போன்றவர்களை வாரம் ஒருநாள் அழைத்து மாணவர்களுக்கு நடுவே நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். பொறியியலைப் பட்டறையில் கற்பிக்கவேண்டும் என்று சொன்ன ஜி.டி.நாயுடுவின் ஊருக்கு இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

உரிமையாளர்கள் செய்யக்கூடியது அதைவிட எளிது. டேஷ்போர்டு அறையைத் திறந்து, கடைசி இரண்டு சீட்டுகளையும் எடுத்து, ஹைட்ரோகார்பன் என்ற வரிக்கு எதிரே உள்ள எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறியிருந்தால், ‘பாஸ்’ என்ற சொல்லை நம்பாமல், ஐம்பது ரூபாய் ஹோஸிலிருந்து தேடத் தொடங்குங்கள். கன்வெர்ட்டரைக் களற்றலாம் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். அவர் காரணம் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் அநேகமாகக் களற்றச் சொல்லமாட்டார்.